திரும்பி வரும் லாரிகள்

துப்பாக்கியோடு காரை மறிக்கிற சிப்பாய்கூட இங்கே முதலில் ‘புலா’ என்று சிரித்து வணக்கம் சொல்வார். ஃபிஜியின் தலைநகர் சுவாவுக்கு வந்து சில ஆண்டுகள் ஆகியும், ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிந்திய இந்த வாரங்களில் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிபடவில்லை. நானும் சிரிக்கிறேன்; கை மட்டும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருக்கும்.

அன்று பின்னிருக்கையில் என் மாணவி ரோஷ்ணி, மடியில் ஒரு பிளாப்பி டிஸ்கோடு இருந்தாள். வடக்குத் தீவில், லம்பாசாவை அடுத்த புலிலேகாவில் கரும்பு பயிரிடும் குடும்பத்துப் பெண்; இங்கே சுவாவின் சமபுலாவில் அத்தை வீட்டில் தங்கி, நான் கணினி கற்பிக்கும் பள்ளியில் படிக்கிறாள். நியூசிலாந்தில், ஆக்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் விடுமுறை முழுவதும் வேலை செய்ய ஃபிஜியிலிருந்து ஒரே ஒரு மாணவருக்கு இடம். தேர்ந்தெடுக்க வந்த பேராசிரியை, நிலைமை சரியில்லை என்று அன்று பிற்பகலே கிளம்புகிறார். அதற்குள் அவர் தங்கியிருக்கும் விடுதியை அடைய வேண்டும். திருநெல்வேலியில் நான் பாடம் நடத்திய கல்லூரியில் இத்தகைய அறிவிப்புகள் தாமாகப் பலகைக்கு வந்து சேரும். பாதியைப் படிக்கக்கூட மாட்டோம். இங்கே இந்த ஒன்றைக் கண்டுபிடிக்கவே எத்தனையோ ஃபேக்ஸ் அனுப்பியிருந்தேன்.

வழியில் காரை மறித்த சிப்பாய் பிளாப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆராய்ச்சித் தகவல்” என்று ஆங்கிலத்தில் பணிவாகச் சொன்னேன்.

“யாரைப் பற்றிய தகவல்?” அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

நான் விளக்க விளக்க அவர் முகம் இறுகியது. பிளாப்பி அவருடைய சட்டைப்பைக்குள் போனது. ரோஷ்ணி கண்ணாடியை இறக்கி, அண்ணா என்பதுபோல ‘பையா’ போட்டு ஃபிஜி இந்தியில் சொன்னாள்: “பையா, அது லம்பாசா மில் வாசல்ல கரும்பு லாரிங்க நிக்கிற லைன். எப்படி விட்டா சீக்கிரம் நகரும்னு கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தேன்.”

“லம்பாசாவா நீ?” அவரும் அதே இந்திக்கு மாறினார். அந்தப் பக்கத்துப் பூர்வகுடி ஃபிஜியர்கள் நம்மவர்களைப் போலவே இந்தி பேசுவார்கள். “எங்க மாமா லாரி டிரைவர். போன சீசன் பூரா அந்த லைன்லதான் தூங்கினாரு. அவர் லாரியைக் கொஞ்சம் முன்னால போட்டுவிடு!”

“முன்னால போட்டா மத்தவங்க அடிப்பாங்க, பையா.”

சத்தமாகச் சிரித்தார். பிளாப்பி திரும்பி வந்தது.

விடுதியில் பேராசிரியை, கட்டிய பெட்டிகளுக்கு நடுவே தம் மடிக்கணினியில் அதை ஓடவிட்டார். சின்னச் சதுரங்களாக லாரிகள் ஆலைக்குப் போயின, சுமை இறக்கின, தோட்டத்துக்குத் திரும்பின. “ஏதாவது ஒன்று திரும்பி வராவிட்டால்?” என்று கேட்டார்.

ரோஷ்ணிக்குக் கேள்வியே புரியவில்லை. “காலி லாரி வேற எங்க போகும், மிஸ்?”

திரும்பாத லாரியையும் நிரலில் சேர்த்து எழுத அவளை ஆக்லாந்துக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பள்ளிக்கு அவள் அப்பா தொலைபேசியில் கூப்பிட்டார். என்னோடு பேசுவதற்கென்றே தம் பழைய தமிழைத் தேடியெடுக்கிற மனிதர்.

“மாஸ்டர், புள்ள திரும்பி வருவாளா?”

“விடுமுறைக்கு மட்டும்தானே, அண்ணே.”

“எங்க ஆஜா, தாத்தாகூட அஞ்சு வருஷக் கிரிமிட்டு ஒப்பந்தம்னுதான் மெட்ராஸ்லேருந்து கப்பல் ஏறினாரு. நீங்களும் ரெண்டு வருஷம்னுதானே வந்தீங்க?”

நியூசிலாந்தில் குடியேற நானும் விண்ணப்பித்திருப்பதை அவரிடம் சொல்லவில்லை. மேசைமேல் இருந்த கணினியில் ரோஷ்ணியின் நிரல் ஓடிக்கொண்டிருந்தது. சுமை இறக்கிய லாரிகள் ஒன்றுவிடாமல் புலிலேகாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

“மாஸ்டர், லைன்ல இருக்கீங்களா?” என்றார் அவர்.