மஞ்சள் ஓரம்

மின்னஞ்சல் மென்பொருள் தருகிற தோற்றத்தை நான் ஒருநாளும் அப்படியே ஏற்றுக்கொண்டதில்லை. நிறம், எழுத்தளவு எல்லாம் குறித்துவைத்திருக்கும் அதன் ஸ்டைல் ஷீட் கோப்பைத் திறந்து எழுத்தைப் பெரிதாக்குவேன், வேண்டாத பட்டன்களை மறைப்பேன். போன மாதம் ஒவ்வொரு மெயிலைச் சுற்றியும் தடிமனாகக் கறுப்புக் கோடு போட்டேன். என் கண்ணுக்கு அவ்வளவு அழகாக இருந்தது.

பிள்ளைகள் வளர்ந்தபின் மனைவி மறுபடி ஆசிரியை வேலை தேடிக்கொண்டிருந்தாள். செம்பாக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து அவளுக்குப் பதில் வந்திருந்தது. என் கணினியில் பார்க்க வந்தவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னங்க இது, கருமாதிப் பத்திரிகை மாதிரி? முதல்ல இதை மாத்துங்க. அப்புறம்தான் படிப்பேன்."

"உள்ள இருக்கறது மாறிடவா போகுது?" என்று கத்தினேன். அவள் அசையவில்லை. முணுமுணுத்துக்கொண்டே ஸ்டைல் ஷீட்டில் அந்தக் கறுப்பை மஞ்சளாக்கினேன். கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தில் தடவுகிற அதே மஞ்சள். மென்பொருளை மூடித் திறந்ததும் படித்தாள். இடம் நிரம்பிவிட்டதாம்.

"பாத்தியா?" என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மாடம்பாக்கத்துப் பள்ளிக்கு விண்ணப்பம் எழுத ஆரம்பித்திருந்தாள்.

"மஞ்சளை எடுத்துடாதீங்க," என்றாள். "அடுத்த பதில் வரப்போகுதுல்ல."