பின்னறை ஜன்னலின் உயரம்

காலை ஏழு பத்துக்குக் கேற்றைத் திறந்தபோது முதலில் தெரிந்தது மதிலில் சாய்த்து வைத்திருந்த, சுவர் இடிக்கும் இரும்பு அலவாங்கு ஒன்று. அதன் பக்கத்தில் குந்தியிருந்த மேசன் அடுத்ததாகத்தான் கண்ணில் பட்டார். வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார். ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டதாகச் சொன்னார். மறுநாளிலிருந்து திகனையில் வேறு வேலை ஒப்புக்கொண்டிருக்கிறாராம். ஐந்து ஜன்னல்களையும் இன்றைக்கே உடைத்து எடுத்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த மாதம்.

நாங்கள் பேசி வைத்திருந்தது வேறு. ஒரு ஜன்னலைக் கழற்றி, அந்த இடத்தில் புதியதை வைத்த பிறகே அடுத்ததில் கை வைக்க வேண்டும். என் கணவர் இந்த ஒழுங்கை மேசனிடமும், கெலிஓயாவிலிருந்து வரும் தச்சு பாஸிடமும் ஒவ்வொரு சந்திப்பிலும் சொல்லியிருந்தார். ஐந்து ஓட்டைகளோடு வீடு ஒரு மணி நேரம்கூட நிற்கக் கூடாது என்பது அவர் நிபந்தனை. காரணம் ஒரு பூனை.

எங்கள் வீடு மஹய்யாவைக்கு மேலே சரிவில் இருக்கிறது. முன்வாசலில் நின்று பார்த்தால் தரை வீடு. பின்னறைக்குப் போனால் மாடி. அந்த அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே இரண்டு ஆள் உயரத்துக்குக் கருங்கல் சுவர், அதன் அடியில் மழைநீர்க் கான், கானுக்கு அப்பால் கீழ்வீட்டின் தகரக் கூரை. கறையான் தின்ற பின்னறை ஜன்னல் கதவு ஒன்று போன வருடம் காற்றில் கழன்று அந்தக் கூரையில்தான் விழுந்தது. கீழ்வீட்டு அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்து, தன் பேரப்பிள்ளை அந்த நேரம் வெளியே விளையாடவில்லை என்பதை மட்டும் சிங்களத்தில் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். ஜன்னல்களை மாற்றுவதென்ற முடிவு அன்று எடுத்தது.

பூனைகள் ஐந்து. செம்மஞ்சள் இரண்டு, கறுப்பு ஒன்று, வெள்ளையில் கறுப்புத் திட்டு விழுந்தது ஒன்று. சாம்பல் நிறம் ஒன்றே ஒன்று. வயதில் மூத்த அதற்கு இரண்டு கண்ணும் தெரியாது. மிருக வைத்தியர் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். ஆனாலும் அந்தப் பூனை ஒவ்வொரு நாள் காலையிலும் பின்னறை ஜன்னலுக்குப் போய்விடும். தரையிலிருந்து தையல் மெசின், மெசினிலிருந்து ஜன்னலின் அடிக்கட்டை, இரண்டே தாவல். பிறகு கம்பியில் தோளைச் சாய்த்து, மூக்கைப் பள்ளத்தாக்குப் பக்கம் நீட்டிக்கொண்டு வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருக்கும். என் கணவர் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவருடைய முதல் தேநீர் அந்த ஜன்னலருகில்தான். பூனையைப் பற்றிப் பேசும்போது அவர் ‘அவள்’ என்பார். நான் ‘அது’ என்பேன்.

அவருக்கு இருந்த பயம் எளிமையானது. கண் தெரியாத பூனை, கம்பி இருக்கிறது என்று நம்பித் தாவும், கம்பி இருக்காது. அவரது இரண்டாவது நிபந்தனையும் இதிலிருந்து வந்ததுதான். புதுக் கட்டை பழைய கட்டையின் உயரத்திலேயே இருக்க வேண்டும், ஒரு விரல்கூட ஏறவும் கூடாது இறங்கவும் கூடாது. சுவரில் ஆணியால் கோடு கீறி மேசனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“பூனைக்கு அளவெடுத்து ஜன்னல் வக்கிறது எனக்கு இதுதான் மொத தடவைங்க சேர்” என்றார் மேசன். “அதுக்குப் புடிச்ச கலர் என்னான்னும் கேட்டு வச்சிருங்க.”

அடுத்த மாதம்வரை பொறுக்க முடியாததால் என் கணவர் அரை மனதோடு சம்மதித்தார். மேசன் அலவாங்கை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார்.

பத்து மணிக்குள் வீடு முழுவதும் சுண்ணாம்புத் தூசி. தொலைபேசியில் கூப்பிட்ட பிறகு பாஸ் மத்தியானம் சின்ன லொறியில் நான்கு ஜன்னல்களைக் கொண்டுவந்து இறக்கினார். ஐந்தாவது இல்லை. மில்லில் கரண்ட் நின்றுவிட்டதால் மரம் அறுபடவில்லையாம். அந்த ஐந்தாவதுதான் பின்னறை ஜன்னல். அதற்குள் மேசன் அந்தப் பழைய ஜன்னலை அடியோடு எடுத்திருந்தார். கட்டைக்குக் கீழே இரண்டு வரிசைச் செங்கல்லும் மண்ணாக உதிர்ந்து கூடவே வந்துவிட்டது. சுவரில் ஆளொருவர் உட்காரக்கூடிய ஓட்டை. அதற்குள் எதிர்மலை, வயர்கள், கீழ்வீட்டுக் கொடியில் காயும் துணி.

மற்ற நான்கையும் பொழுது சாய்வதற்குள் பொருத்திவிட்டு, ஞாயிறு லீவில் வந்து பின்னறையை முடித்துத் தருவதாக மேசன் சொல்லிவிட்டுப் போனார். அன்று வியாழன்.

பாஸ் ஓட்டையில் ஒரு பிளைவுட் பலகையைக் கம்பியால் கட்டினார். அறையிலிருந்த சாமான்களையெல்லாம் முன்னறைக்கு நகர்த்தினோம். அலுமாரியும் மெசினும் இரண்டு கதிரைகளும் சோபாவின் பின்னால் அடைபட்டுக் கிடந்தன. பின்னறைக் கதவுக்குப் பூட்டு கிடையாது. என் கணவர் அதன் கீழே மூன்று செங்கல்லை அணைத்து வைத்தார். சாம்பல் பூனையை எங்கள் படுக்கையறையில் விட்டுச் சாத்தினார். அரை மணிக்கொரு தடவை போய்ப் பார்த்தார். பார்த்துவிட்டு வந்து செங்கல்லைப் பார்த்தார்.

புதிய ஜன்னல்களுக்குக் கண்ணாடி இன்னும் வரவில்லை. வீட்டுக்கு உள்ளே, வெளியே என்ற வித்தியாசம் இல்லாமல் போனது. கடுகஸ்தோட்டை பஸ் கியர் மாற்றுவது சாப்பாட்டு மேசைக்குக் கேட்டது. யாரோ கருவாடு பொரித்தார்கள். நான் மேசையில் மொழிபெயர்ப்பு ஒன்றை முடிக்க வேண்டியிருந்தது. ஒரே பந்தியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை குரங்குகள் வந்தன. ஒன்று பலகையின் ஓரத்தை விலக்கிக்கொண்டு பின்னறைக்குள் இறங்கி, அங்கே தின்ன ஒன்றும் இல்லாததால் சீமெந்துப் பையைக் கிழித்துவிட்டுப் போனது. கறுப்புப் பூனை அன்றே பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டது. செம்மஞ்சள் இரண்டும் புதிய ஜன்னல் கம்பிகளுக்குள் போய் வந்து இடைவெளியைப் பரீட்சித்துக்கொண்டிருந்தன. கீழ்வீட்டு அம்மா மேலே அண்ணாந்து, நாங்கள் வீட்டைக் காலி செய்கிறோமா என்று கேட்டார்.

ஜும்ஆத் தொழுகைக்குப் போய்த் திரும்பிய பாஸ் ஜன்னல் கதவுகளுக்குப் பெயின்ட் அடித்தார். மழை ஈரத்தில் அது காயவில்லை. என் கணவர் அவருக்குப் பக்கத்தில் நின்று, ஞாயிறு கட்டாயம் ஜன்னல் வருமா என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து அதையே திரும்பக் கேட்டார்.

“சேர், பூனைக்கித்தானே கண் இல்ல. ஒங்களுக்கு ஈக்குதே. போய்க் கொஞ்சம் சாஞ்சிக்கோங்க” என்றார் பாஸ்.

அவர் சாயவில்லை. முன்னறையில் ஒரு கதிரையைத் திருப்பிப் போட்டு, பின்னறைக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

சனி பின்னேரம் மழைக்கு முந்திய காற்று வந்தது. என் கணவர் கடைக்குப் போயிருந்தார். முதலில் படுக்கையறைக் கதவு அடித்துத் திறந்தது, பிறகு பின்னறையில் பலகை விழுந்தது. செங்கற்கள் தரையில் கீச்சிட்டபடி நகர்ந்தன. நான் மேசையிலிருந்து எழுந்து வருவதற்குள் சாம்பல் பூனை பின்னறைக்குள் போய்விட்டது. வாசலில் நின்றேன். கூப்பிட்டால் திடுக்கிட்டுத் தாவிவிடுமோ என்று கூப்பிடவில்லை. ஓட்டை முழுதாகத் திறந்திருந்தது, சாரல் உள்ளே விழுந்தது. பூனை சுவரோரமாக நடந்து, மெசின் நின்ற இடத்துக்கு வந்தது. தலையை உயர்த்தி முன்காலால் காற்றைத் தொட்டது. ஒரு சுற்றுச் சுற்றியது. மறுபடி அதே இடத்துக்கு வந்து காலை நீட்டியது. பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டது. நான் போய்த் தூக்கியபோது எதிர்க்கவில்லை.

கணவர் வந்ததும் சொன்னேன். நனைந்த சட்டையோடு பின்னறைக்குப் போய்ப் பலகையை நான்கு பக்கமும் கட்டினார். கயிறு போதாமல் தன்னுடைய பழைய கழுத்துப் பட்டி ஒன்றையும் எடுத்துக் கட்டினார். அவள் சீமெந்து வாசனைக்குப் பயந்துதான் தாவவில்லை என்றார். மெசின் இல்லாமல் அந்த வயதில் அந்தப் பூனைக்கு நெஞ்சு உயரக் கட்டைக்கு ஏறவே முடியாது என்பது எங்கள் இருவருக்கும் அப்போது தோன்றவில்லை.

ஞாயிறு ஜன்னல் வந்தது, மேசனும் வந்தார். உதிர்ந்த இடத்தைக் கட்டி, கட்டையை வைத்து, மட்டம் பார்த்து, ஆணிக் கோட்டோடு ஒட்டிப் பிடித்துக் காட்டினார். என் கணவர் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். தன் கையாலும் அளந்தார். சரியாக இருந்தது. கம்பிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். அன்று மத்தியானம்தான் அவர் தட்டில் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டதைப் பார்த்தேன்.

சீமெந்து இறுக இரண்டு நாள் விட்டோம். செவ்வாய்க்கிழமை பாஸ் வந்து கண்ணாடிக் கதவுகளை மாட்டி, கட்டைக்கு இரண்டாம் பூச்சுப் பெயின்ட் அடித்தார். இரண்டாம் பூச்சு முதல் பூச்சைவிட மெதுவாகக் காயும், நாலைந்து நாள் கதவுகளைச் சாத்த வேண்டாம் என்றார். சாமான்களைத் திரும்பக் கொண்டுபோக அவரே ஒரு கை கொடுத்தார். மெசினை ஜன்னலுக்குக் கீழே சரியாக நடுவில் வைத்து, தள்ளி நின்று பார்த்து, இன்னும் கொஞ்சம் இழுத்து நேராக்கினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பெயின்ட் காயும்வரை பொறுக்கலாம் என்றேன். கணவர் கேட்கவில்லை. ஒரு வாரமாக அவள் காலையில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் அலைகிறாள் என்றார். கட்டையின் மேல் பழைய பத்திரிகைத் தாளை விரித்துவிட்டுப் பூனையைக் கொண்டுவந்து வாசலில் விட்டார்.

பூனை நடந்தது. மெசினின் இரும்புக் காலில் மீசை பட்டதும் நின்றது, முகர்ந்தது, மேலே தாவியது. வால் நிமிர்ந்திருந்தது. மெசின் பலகையில் வழக்கம்போல ஒரு அரைத் திருப்பம் திரும்பி, வலது பக்கமாகத் தாவியது. அங்கே சுவர் இருந்தது.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. மெசினுக்கும் சுவருக்கும் இடையில் விழுந்து, வெளியே வந்து, வாசல் நிலையில் ஒருமுறை இடித்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டது. மூக்கில் சிறு கீறல். பாஸ் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். என் கணவர் ஜன்னல் கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“உயரம் சரியாத்தானே இருக்கு” என்றார். மீண்டும் கையால் அளந்தார்.

நான் தரையைப் பார்த்தேன். மெசின் இப்போது நிற்கும் இடத்துக்கு இடப்பக்கம், ஒரு முழம் தள்ளி, சிவப்புச் சீமெந்தில் நான்கு துருத் தடங்கள். கல்யாணமான வருடம் அந்த மெசினை அங்கே வைத்தோம், அதன் பிறகு இந்த வாரம்வரை நகர்த்தியதில்லை. நான் தைப்பதையும் விட்டு நாளாகிவிட்டது.

“மெசினத்தாங்க மாத்தி வச்சிட்டோம்” என்றேன்.

மூவருமாகச் சேர்ந்து நான்கு கால்களையும் நான்கு தடங்களில் நிறுத்தினோம். ஜன்னலுக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் கோணலாக. பாஸ் தன்மேல்தான் பிழை என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டார். தேநீர் குடிக்காமல் போனார்.

பூனை வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. சாப்பாட்டு மேசைக்கு அடியில், என் கால் படும் இடத்தில் படுத்துக்கொண்டது. தட்டை வைத்தால் தின்னும். பின்னறைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பாது. என் கணவர் ஒருமுறை தூக்கிக்கொண்டுபோய் மெசினின் மேல் வைத்தார். பூனை பலகையோடு ஒட்டிப் படுத்து, விளிம்பைக் காலால் தேடித் தரையில் இறங்கி ஓடியது. அதன் பிறகு அவர் தூக்கவில்லை. தேநீரை மட்டும் பின்னறையில் நின்றுகொண்டே குடித்தார். பாதியில் வந்து மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். கறுப்புப் பூனை பக்கத்து வீட்டிலிருந்து திரும்பி வந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, “பழசையே வச்சிருந்திருக்கலாம்” என்றார்.

“பழசு கீழ்வீட்டுக் கூரையில கெடந்துச்சுங்க” என்றேன்.

“அவளுக்கு அது தெரியாதே.”

நான் எழுந்து தட்டைக் கழுவினேன். கட்டையில் விரித்திருந்த பத்திரிகைத் தாள் ஈரத்தில் ஒட்டிக் கிழிந்து, வெள்ளைப் பெயின்டில் எழுத்துகள் இடவலம் மாறிப் பதிந்திருந்தன. பாஸ் அன்று பின்னேரம் வந்து அதைச் சுரண்டி எடுத்து, இன்னொரு பூச்சு அடித்துவிட்டு, தயவுசெய்து இனி ஒன்றையும் விரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை நான் எழுந்தபோது ஆறு ஐந்து. கணவர் இன்னும் தூக்கத்தில் இருந்தார். சாம்பல் பூனை மேசைக்கு அடியில், நேற்று கிடந்த அதே இடத்தில் கிடந்தது. தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, பின்னறை ஜன்னலைச் சாத்தலாமா என்று பார்க்கப் போனேன். எதிர்மலையில் மூட்டம். மெசினின் நான்கு கால்களும் தடங்களில் இருந்தன. கட்டையை விரலால் தொட்டேன். பெயின்ட் காயவில்லை. கம்பிக்குப் பக்கத்தில் அதில் நாலைந்து மயிர் ஒட்டியிருந்தது, சாம்பல் நிறம்.