அன்ரெனாவைத் திருப்பிய பத்து நிமிடம்

தொலைக்காட்சியில் ஒரு குரல் திக்கித் திக்கி உடைந்தால், இன்றும் என்னால் அந்த அறையில் இருக்க முடிவதில்லை.

ரூஜ் பகுதியில் எங்கள் வீட்டில் கேபிளை நிறுத்திவிட்டு, கூரைக்கடி அற்ரிக்குக்குள் அன்ரெனா பொருத்தினேன். நான் அங்கே குளிர்காப்புப் பஞ்சின் தூசிக்குள் குனிந்தபடி அதைத் திருப்ப, அண்ணை கீழே நின்று படத்தைப் பார்த்துச் சொன்னார்.

"டேய், செய்தி வாசிக்கிறவள் கட்டம் கட்டமா உடையிறாள்! செ-செ-செய்தி எண்டுறாள். இன்னும் திருப்படா!"

எதையும் நடித்துக்காட்டிச் சிரிக்கிறவர் அவர். திருப்பினேன். "இப்ப?"

"தம்... தம்பி... ப... ப..."

"பகிடியை விடுங்கோ அண்ணை! வருகுதோ, இல்லையோ?"

குரல் இன்னும் குழறியது. நான் சிரித்துக்கொண்டே, என் அண்ணையின் குரலை ஒரு கம்பியால் சரிசெய்யப் பார்த்தேன். பிறகு சத்தமே இல்லை.

இறங்கி வந்தபோது படம் தெளிவாக ஓடியது. அண்ணை சோபாவோடு சரிந்து கிடந்தார். பக்கவாதம். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது.

அந்தப் பத்து நிமிடத்தை அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை. அண்ணை என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பதை எந்த வாயால் சொல்வேன்?

அன்று அம்புலன்ஸ் கதவை மூடும்போது அவர் கண்கள் என்னையே பார்த்தன. நான் சொன்னேன்:

"நீங்கள் முன்னுக்குப் போங்கோ அண்ணை, நான் பின்னாலை காரிலை வாறன்."