நெல் கிளறும் நேரம்

அன்று நெல் காயும் களத்தில் அம்மா இருந்தாள், கூட வேலை செய்யும் சரசு அக்கா இருந்தாள், இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மேஸ்திரி மட்டும் டீ குடிக்கப் போயிருந்தார். முடிச்சு, உச்சம், முடிவு என்று சிறுகதைப் பாடத்தைக் கரும்பலகையில் எழுதி ஓய்ந்து திரும்பிய இன்று மாலை, வழியில் நெல் அவிக்கும் வாடை வந்ததும், வரிச்சிக்குடியில் இப்போது மனைகளாகிவிட்ட அந்த ரைஸ்மில் களம் நினைவுக்கு வந்தது. சுடுகிற சிமெண்டுத் தரையில் காலால் நெல்லைக் கிளறிவிட்டு வந்து நிழலில் உட்கார்ந்து அம்மா கதை சொல்வாள். அடுத்துக் கிளறும் நேரம் வந்தால், கதையில் வருகிறவள் கிணற்று விளிம்பில் நின்றாலும் சரி, அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுவாள். உச்சம் எங்கே வர வேண்டும் என்பதை வெயில்தான் முடிவு செய்தது.

அன்று வானம் கருத்ததும் நெல்லைக் குவிக்க அம்மா எழுந்தாள்.

"உக்காருங்க அண்ணி. நாளைலேர்ந்து நான் வர மாட்டேன், கல்யாணம் ஆயிப் போயிட்டா மிச்சக் கதைய யாருகிட்ட கேப்பேன்? அவ விழுந்தாளா இல்லியா?" என்றாள் சரசு அக்கா.

"மழ வருதுடி."

"வரட்டும். சொல்லுங்க."

அம்மா உட்கார்ந்து சொல்லி முடித்தாள். கதையில் அவள் விழவில்லை. களத்தில் நெல் முழுக்க நனைந்தது. ஆளுக்கு மூன்று நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள், கல்யாணப் பெண்ணுக்கும் சேர்த்து.