பன்னிரண்டு பவுண்டும் பன்னிரண்டு லிட்டரும்

போன வாரம் என் மகன் யாசின் போனில் ஒரு போட்டோ அனுப்பினான். நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம். அதைப் பார்த்துவிட்டு எனக்கும் என் மனைவிக்கும் சோறு இறங்கவில்லை.

யாசின் அந்தமானில் இருக்கிறான். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, சுற்றுலாப் பயணிகளைக் கடலுக்கடியில் அழைத்துப்போகும் வேலை. சிறு வயதில் வீசிங் வந்து எங்களை ஆஸ்பத்திரிக்கு அலைய வைத்த பிள்ளை. டாக்டர் நன்றாகச் சோதித்து, இறங்கலாம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் இறங்கினான். ஆனாலும் பெற்ற மனம்...

நோட்டில் இருந்தது இதுதான். இருபது மீட்டர் ஆழம், நாற்பது நிமிடம். யாசின் செலவழித்த காற்று 144 பார். கூடவே இறங்கிய ஜோசப் 120 பார்.

பென்னாகரம் ரோட்டில் டயர் கடை வைத்திருப்பவன் நான். காற்றுதான் என் தொழில். அழுத்தம் அளக்கும் என் கேஜில் பவுண்டும் உண்டு, பாரும் உண்டு. எட்டாவதோடு நின்றாலும் இந்தக் கணக்கு கூடவா தெரியாது? ஜோசப்பைவிட என் பிள்ளைக்கு இருபத்துநாலு பார் கூடுதல், அப்படியென்றால் மூச்சு வாங்கியிருக்கிறது.

"ஏங்க, அப்பவே சொன்னேன்ல? மூச்சு வாங்குற புள்ளைய தண்ணியில எறக்காதீங்கன்னு!" என்றாள் மனைவி.

மறுநாள் அதிகாலை பஜ்ரு தொழுதுவிட்டு நேரே போனை எடுத்தேன்.

"மூட்டையக் கட்டிக்கிட்டு வூட்டுக்கு வந்துரு. கடைய பாத்துக்கலாம்."

"அத்தா, போட் கெளம்புதுங்கத்தா. அப்புறம்..."

"போட்டும் வேணாம் கீட்டும் வேணாம்!" வைத்துவிட்டேன்.

மதியம் ஒரு டிராக்டர் வந்தது. பின் டயரில் காற்று இல்லை. அதன் சொந்தக்காரர், எங்கள் வாடிக்கையாளர் முனுசாமி அண்ணன் பக்கத்தில் நின்று வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னங்க பாய், பன்னெண்டு பவுண்டுக்கு இவ்ளோ நேரமா? என் பைக்குக்கு முப்பது பவுண்ட அரை நிமிசத்துல அடிச்சீங்க. கம்ப்ரசர் தூங்குதா?"

"அண்ணே, பவுண்ட மட்டும் பாத்தா ஆச்சா? டயரு சைஸப் பாருங்க..."

சொல்லும்போதே வாய் நின்றுவிட்டது. முப்பது வருடமாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லும் பாடம். சொந்தப் பிள்ளை விஷயத்தில் எங்கே போனது?

சாயங்காலம் அவனே கூப்பிட்டான். "உன் சிலிண்டர் எத்தனை லிட்டர்?" என்றேன் முதல் வார்த்தையாக.

சிரித்தான். "பத்துங்கத்தா. ஜோசப்போடது பதினஞ்சு."

பிறகு பொறுமையாகச் சொன்னான். பார் கணக்கு அந்தந்த சிலிண்டரோடு சரி. ஆளுக்கு ஆள் ஒப்பிட, அதை லிட்டராக மாற்ற வேண்டும். 144 பாரைப் பத்தால் பெருக்கினால் 1440 லிட்டர். அதை நாற்பதால் வகுத்தால் நிமிடத்துக்கு 36. இருபது மீட்டர் ஆழத்தில் தண்ணீரின் அழுத்தத்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் மூன்று மடங்கு காற்று செலவாகுமாம். அதனால் மூன்றால் வகுத்து, கரையில் நின்று மூச்சுவிட்டால் எவ்வளவோ அந்தக் கணக்குக்குக் கொண்டுவருகிறார்கள். அப்படிப் பார்த்தால் யாசினுக்கு நிமிடத்துக்குப் பன்னிரண்டு லிட்டர். அதே கணக்கில் ஜோசப்புக்குப் பதினைந்து! இதற்கு 'ஆர்.எம்.வி' என்று பெயராம். பெயரில் என்ன... அல்ஹம்துலில்லாஹ்.

"பக்கத்தோட அடியில பன்னெண்டுன்னு வட்டம் போட்டிருந்தேனே, பாக்கலீங்களா? நீங்க சந்தோசப்படுவீங்கன்னுதான் அனுப்பினேன்."

பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்த பாரை மட்டும் பார்த்தேன். பயத்தோடு படிக்கிறவன் பக்கத்தை முழுசாகப் படிப்பானா?

"சரி, இன்னைக்கு எவ்ளோ?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"நீங்க சாப்ட்டீங்களா?" என்று பேச்சை மாற்றினான்.

"யாசினு?"

"இருபதுங்கத்தா."

"இருபதா! அலை அதிகமா? உடம்பு சரியில்லியா?"

"அலையெல்லாம் இல்ல. காலைல நீங்க பேசினதே மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருந்துச்சு. மூச்சு நிதானத்துக்கே வரல. பாதியிலயே மேல வந்துட்டேன்."

மூச்சு அல்லாஹ் நம்மை நம்பி ஒப்படைத்த அமானிதம். அதைக் காப்பாற்றப்போகிறேன் என்று கிளம்பியவனே, பிள்ளையின் சிலிண்டரிலிருந்து நிமிடத்துக்கு எட்டு லிட்டரைக் கூடுதலாக உறிஞ்சியிருக்கிறேன்! கரைக் கணக்கில் எட்டு. ஆழத்தில் அது எவ்வளவு என்று பெருக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அக்கறை என்ற பெயரில் நாம் போடும் போன்களுக்கு யாராவது ஒரு மீட்டர் கண்டுபிடித்தால் தேவலை.

"அங்கயே இருப்பா. நல்லா பாரு வேலைய" என்றேன். மனைவி முறைத்தாள். பிறகு அவளே போனை வாங்கி, "சாப்ட்டியா?" என்று கேட்டாள்.

இப்போதெல்லாம் காலையில் அவனுக்குப் போன் செய்வதில்லை. பஜ்ரு தொழுகைக்குப் பிறகு அவனுக்காகக் கையேந்தி துஆ கேட்க உட்கார்ந்துவிடுகிறேன்.

துஆவுக்கு அவன் சிலிண்டரில் காற்று குறைவதில்லை.