உறியில் குறைந்த இரண்டு கருப்பட்டி

போன வியாழக்கிழமை எங்கள் வீட்டில் திருட்டு!

உறியில் பதினான்கு கருப்பட்டி இருந்தது. மாலையில் எண்ணினால் பன்னிரண்டு. சீனிக்கு ரேஷன் நடக்கிற காலம்... சும்மா இருக்க முடியுமா? வீட்டிலுள்ள ஐந்து பேரில் என்னைத் தவிர நால்வரையும் விசாரித்தேன்.

மருமகள் ஞானத்துக்குக் கோபம்.

"வெளியாளு யாரும் வரலை. வீட்டாளுகளையே திருடனாக்குறீக. நீங்களே தின்னுட்டு மறந்திருப்பீக, மாமா!"

அப்போதுதான் பேத்தி எஸ்தரின் கன்னத்தில் பிசுக்கைப் பார்த்தேன். ஏழு வயது.

"யாருடி எடுத்துக் குடுத்தா?"

"நாந்தான். முக்காலியில ஏறி எடுத்தேன்" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

ஞானம் அடிக்கவில்லை. அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

காரணம் உண்டு. ஏழு மாதத்துக்கு முன் இந்தப் பிள்ளையால் தலைசீவக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை. தரையிலிருந்து எழுந்திருக்க முழங்காலில் கை ஊன்றவேண்டும். இமைகளில் ஊதா நிறம், விரல் கணுக்களில் சிவப்புத் தடிப்பு. பக்கத்து வீட்டார் அம்மை என்றார்கள். நான் சோம்பல் என்றேன் — படித்தவன்!

மதுரை டாக்டர்தான் தசையில் அழற்சி என்றார். என்ன கிருமி என்று கேட்டேன்.

"கிருமி எதுவும் அகப்படல, ஐயா. கிருமியை எதிர்க்க உடம்புக்குள்ளயே ஒரு காவல் இருக்கு. அது ஆள் தெரியாம பிள்ளையோட சொந்தத் தசையைத் தாக்குதோன்னு எனக்கு ஒரு சந்தேகம். நிரூபிக்க முடியல."

மருந்து என்று பெரிதாக ஒன்றுமில்லையாம். ஓய்வு. தினம் கைகாலை மெல்ல நீட்டி மடக்கவேண்டும். வெயில் படக்கூடாது — அருப்புக்கோட்டையில்!

"சில பிள்ளைகளுக்குத் தானா அடங்கிரும். சிலருக்கு அடங்காது."

எங்கள் பிள்ளை எந்தச் சிலரில் சேர்த்தி? ஏழு மாதமாக என் தூக்கம் போனது இந்தக் கேள்வியில்தான்.

காவல்காரன் வீட்டாளையே அடிப்பானா என்று அன்று டாக்டரிடம் வாதாடினேன். வியாழக்கிழமை நான் செய்தது என்னவாம்?

ஞானம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொரு தடவை எடு, பாப்போம்."

எஸ்தருக்கு நம்பிக்கையில்லை. "தாத்தா எண்ணுவாகளே?"

"எண்ணமாட்டேன். எடு, தாயி."

முக்காலியில் ஏறினாள். கை தோள்வரை போனது. நின்றது... நடுங்கியது... தலைக்கு மேலே போயேவிட்டது!

மறுநாள் உறியை நான்கு விரற்கடை உயர்த்திக் கட்டினேன். திருட்டு நிற்கவில்லை — கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.