இர்ஷாதா தேடி இல்லையென்றால்

மார்த்தாண்டத்துக்கு வெளியே ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருக்கிற அந்தத் தனியார் மருத்துவக் கல்லூரியில் ஒரு பேச்சு உண்டு: இர்ஷாதா தேடி இல்லையென்றால் இல்லை. இதை முதலில் சொன்னது யாரென்று கேட்டால் ஆளுக்கொரு டாக்டரின் பெயரைச் சொல்வார்கள். உண்மையில் அதைச் சொல்லிப் பரப்பியவள் இர்ஷாதாவேதான்.

அவள் அந்தக் கல்லூரியின் நூலகர். புத்தகத்துக்கு முத்திரை குத்திக்கொண்டு, பேசுகிறவர்களை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் என்று நினைத்தால் அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அலமாரிகளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவளுடைய வேலை தேடுவது. உலகத்தின் எந்த மூலையில் எந்த மருத்துவர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினாலும் அதன் விவரத்தைச் சேர்த்துவைக்கிற இணையத்தளங்கள் உண்டு. கட்டுரைகள் அங்கே கோடிக்கணக்கில் கிடக்கின்றன. சர்க்கரை நோயாளியின் காலில் புண் என்று ஒரு டாக்டர் தட்டினால் ஆயிரக்கணக்கில் வந்து விழும், அவருக்குத் தலை சுற்றும். இர்ஷாதா தட்டினால் வேண்டியது மட்டும் வரும்.

“மெஷின் மேல குத்தம் சொல்லாதீங்க டாக்டரே. கேக்கத் தெரிஞ்சா அது தரும்” என்பாள். இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அடக்கம் துளியும் இருக்காது.

வியாழக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொரு டாக்டருக்கும் அவரவர் துறையில் புதிதாக வந்த கட்டுரைகளைப் போனில் அனுப்புவாள். எதுவும் வராத வாரத்தில் ‘இந்த வாரம் ஒன்றுமில்லை’ என்று ஒரே வரி. டாக்டர்கள் கட்டுரைகளைப் படித்தார்களோ இல்லையோ, அந்த ஒரு வரியை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். இர்ஷாதா ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால் உலகத்திலேயே இல்லை. இந்த மரியாதை அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

இதில் பெரிய மந்திரம் எதுவும் கிடையாது. எப்படித் தேட வேண்டும் என்பதை ஒருமுறை எழுதித் தளத்தில் சேமித்துவைத்தால், வாராவாரம் அதுவே தேடி அவளுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடும். சேமிக்கிற தேடலை எழுதுவதில்தான் கைப்பக்குவம். ஒரே நோய்க்கு ஆளுக்கொரு பெயர் எழுதுவார்கள் என்பதால், தளத்தை நடத்துகிறவர்கள் ஒவ்வொரு கட்டுரையையும் படித்து ஒரு பொதுத் தலைப்பின் கீழ் வைப்பார்கள். அந்தத் தலைப்புகளைக் கொண்டுதான் இர்ஷாதா தேடுவாள். வருடத்துக்கு ஒருமுறை அந்தத் தலைப்புகளைத் திருத்துவார்கள். ஒன்று இரண்டாகப் பிரியும், ஒன்று இடம் மாறும், ஒன்று இல்லாமலே போகும்.

டாக்டர்களுக்கு இந்த வருடாந்தர மாற்றம் என்றாலே எரிச்சல். அங்கே இருந்த பொத்தானைக் காணோம், இங்கே இருந்த கட்டத்தைக் காணோம் என்று புலம்புவார்கள். இர்ஷாதாவுக்கோ அது பெருநாள் மாதிரி. இந்த ஜனவரியிலும் மாற்றங்களை விளக்கி வகுப்பு எடுத்தாள். கூட்டம் சேர வேண்டுமே என்று, நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி வரவழைத்திருந்தாள். பழம்பொரிக்காக வந்தவர்களையும் கடைசிவரை உட்காரவைத்தாள். பிறகு எல்லா டாக்டர்களின் தேடல்களையும் உட்கார்ந்து திருத்தினாள்.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள். அது எந்த டாக்டருடையதும் அல்ல, அவளுடையது.

இர்ஷாதாவின் வீடு தேங்காப்பட்டணத்தில். அவள் ‘காக்கா’ என்று கூப்பிடும் அண்ணன் ஜக்கரியா, வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். வலையோடு ஏறிவரும் கடச்சொறி, அதாவது ஜெல்லி மீன், மேலே பட்டால் சூடுபோட்ட மாதிரி தடிக்கும், வலி தாங்காது. சிலருக்கு மூச்சே முட்டும். இதற்கு என்ன வைத்தியம் என்று பல வருடங்களுக்கு முன்பே அவள் தன் சொந்தக் கணக்கில் ஒரு தேடலைச் சேமித்திருந்தாள். கல்லூரி வேலை கல்லூரிக் கணக்கில், வீட்டுக் கவலை வீட்டுக் கணக்கில் என்பது அவளுடைய ஒழுங்கு.

போன வருடம் சமூக மருத்துவத் துறைக்கு பெமிலா என்ற இளம் டாக்டர் வந்து சேர்ந்தாள். ஊர் குழித்துறை. கடச்சொறி பட்டவர்கள் மண்ணை வைத்துத் தேய்ப்பதையும் மண்ணெண்ணெய் ஊற்றுவதையும் பார்த்து அவளுக்குப் பொறுக்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று தேங்காப்பட்டணம் துறைமுகச் சுவரில் பெரிதாக எழுதிப்போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். இர்ஷாதா தன் வீட்டுக் கணக்கில் சேர்ந்திருந்த கட்டுரைகளை எல்லாம் அள்ளிக் கொடுத்தாள். அவற்றைப் படித்து, வினிகர் ஊற்றுவதுதான் முதலுதவி என்று பெமிலா முடிவுக்கு வந்தாள். துறைமுக அதிகாரிகளும் சம்மதித்தார்கள். சுவருக்குப் போகுமுன் ஏப்ரல் முதல் வாரத்தில் அவள் கேட்டாள்:

“அக்கா, இந்த வருஷம் புதுசா ஏதாவது வந்திருக்கா?”

“ஒண்ணும் வரல்ல டாக்டரே. நான் தேடி இல்லேன்னா இல்ல.”

பெயிண்டர் பொன்னுலிங்கம் சனிக்கிழமை சுவரில் வேலையைத் தொடங்கினார்.

மறுநாள் காலையில் ஜக்கரியா கரையேறி, தங்கை வீட்டில் சாயா குடிக்க வந்தார். முழங்கைக்குக் கீழே கயிறு பதிந்ததுபோல் சிவந்த தடிப்பு.

“என்ன காக்கா இது? சொறியா?”

“பின்னே? இந்த வருசம் கடலு நிறைய இதாக்கும். வலையப் பொக்கி எடுக்க முடியல்ல. கேரளாக்காரனும் இதையேதான் பறயுதான். எங்கெங்கயோ உள்ள நாட்டுக்காரனுக்க வீடியோ ஒக்க போன்ல வருவு, அங்கயும் இதே கூத்து.” தன் போனில் எடுத்திருந்த படத்தைக் காட்டினார். நீலம் பாய்ந்த குடை, கீழே நீளமாக வால்கள்.

இர்ஷாதா சாயாவை ஆற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். எல்லாக் கடலிலும் இதே கூத்து என்றால், அதைப்பற்றி ஜனவரியிலிருந்து ஒருவர்கூடவா எழுதவில்லை? உப்புச் சப்பில்லாத கட்டுரையாவது மாதம் ஒன்று வருமே. இந்த வருடம் அதுவும் இல்லை. இல்லை என்பதை இத்தனை நாள் அவள் ஒரு பதிலாகவே எடுத்துக்கொண்டிருந்தாள்.

மடிக்கணினியை அடுக்களை மேசையில் வைத்துத் திறந்தாள். பார்த்த உடனே விளங்கிவிட்டது. அவள் சேமித்திருந்த பழைய தலைப்பை ஜனவரியில் எடுத்துவிட்டு, வகைவகையாகப் பிரித்துப் புதிய தலைப்புகள் போட்டிருந்தார்கள். அவளுடைய தேடல் இல்லாத தலைப்பின் வாசலில் வாராவாரம் போய் நின்று, வெறுங்கையோடு திரும்பியிருக்கிறது. ஊருக்கெல்லாம் வகுப்பு எடுத்தவளுக்குத் தன் தேடலைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. அவளுக்கு முகம் எரிந்தது.

புதிய தலைப்புகளை வைத்துத் தேடினாள். கட்டுரைகள் வரிசையாக வந்தன. ஜக்கரியாவின் படத்தில் இருந்ததைப் போலவே ஒரு சொறி ஒரு கட்டுரையில் இருந்தது. அந்த வகைக்கு வினிகர் ஊற்றினால் தோலில் ஒட்டியிருக்கும் கொட்டும் இழைகள் இன்னும் விஷத்தைக் கக்குகின்றன, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீர்தான் வலியை இறக்குகிறது என்று அதில் இருந்தது.

ஒரு நிமிடம் அவளுக்கு ஒரு யோசனை வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ‘டாக்டரே, இன்றைக்குத்தான் ஒரு கட்டுரை வந்தது’ என்று சொல்லிவிட்டால் போதும், ஒரு ஈ காக்கைக்கும் தெரியப்போவதில்லை. பெயரும் கெடாது. ஆனால் அப்படிச் சொன்னால் ஜனவரியிலிருந்து அவள் சொன்ன ‘இல்லை’ எல்லாம் சரியான ‘இல்லை’யாகவே நின்றுவிடும். அதை நம்பிப் பெமிலா மற்ற கட்டுரைகளைத் தேடாமலே விடுவாள். இர்ஷாதா போனை எடுத்தாள்.

பெமிலா சர்ச்சில் இருந்தாள். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்து திருப்பிக் கூப்பிட்டாள்.

“டாக்டரே, நான் உங்களுக்குத் தப்பா சொல்லிட்டேன். புதுசா நிறைய இருக்கு. ஜனவரியில தலைப்ப மாத்தினப்போ எனக்க தேடல நான் மாத்தல்ல. மார்த்தாண்டத்துல மேம்பாலம் வந்த பெறவும் கீழ பழைய ஸ்டாப்புல நின்னா எப்பிடி? பஸ்சு ஒக்க தலைக்கு மேல போவும், நாம பஸ்சே இல்லேன்னு நிப்போம். அதாக்கும் நடந்தது.”



“அக்கா, சுவத்துல எனக்க பேரு இருக்கு” என்றாள் பெமிலா. “நீங்க இல்லேன்னு சொன்னதனாலதான் நான் பாக்கல்ல.”

“அறியும். குத்தம் எனக்கதாக்கும். கட்டுரை எல்லாம் இப்பமே அனுப்புதேன். படிச்சு முடிவு பண்ண வேண்டியது நீங்க. சுவர நான் போய் நிறுத்துதேன்.”

அனுப்பினாள். அதோடு எல்லா டாக்டர்களுக்கும் ஒரு செய்தி போட்டாள்: தன்னுடைய ஒரு தேடல் தவறாகிவிட்டது, என்ன தவறு என்பது இது, மற்ற தேடல்களையும் நாளையே திரும்பச் சரிபார்ப்பாள், அதுவரை அவளுடைய ‘இல்லை’யை யாரும் நம்ப வேண்டாம். தப்பைச் சொல்வதையும் அவள் வகுப்பு எடுக்கிற தோரணையில்தான் சொன்னாள். அவளுக்கு அந்த ஒரு தோரணைதான் தெரியும்.

ஜக்கரியா சாயாவைக் குடித்துவிட்டு எப்போதோ போயிருந்தார். மத்தியானத்தில் பெமிலாவின் ஸ்கூட்டர் வந்து நின்றது. அவள் கண் சிவந்திருந்தது. “படிச்சேன். துறைத் தலைவரட்டயும் பேசினேன். வெந்நீர்தான் அக்கா. ஏறுங்க” என்றாள். கோபம் போகவில்லை, ஆனாலும் பின்னால் இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள்.

துறைமுகத்தில் பொன்னுலிங்கம் எழுத்தை எல்லாம் முடித்துவிட்டு, வினிகர் குப்பி ஒன்றை ஆசையாசையாக வரைந்துகொண்டிருந்தார். குப்பியில் வெளிச்சம் பட்டு மின்னுவதற்கு வெள்ளைக்கோடுகூடப் போட்டிருந்தார்.

“அழிக்கணுமா? குப்பி தத்ரூபமா வந்திருக்கே டாக்டரே!” அவர் முகம் விழுந்துவிட்டது.

அவருக்குப் பதில் சொல்வதற்குள் மறுபக்கத்தில் கூச்சல் எழுந்தது. வள்ளம் ஒன்று வந்து முட்டியது. ஒருவரைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். தொடையிலிருந்து கணுக்கால்வரை சொறியின் தடம். மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு துடித்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு பலசரக்குக் கடைப் பக்கமிருந்து ஒருவர் ஓடிவந்தார். கையில் வினிகர் குப்பி, மூடி திறந்திருந்தது. ஓடிவந்தவர் ஜக்கரியா.

“ஊத்தாதீங்க காக்கா!” இர்ஷாதா கத்தினாள்.

ஜக்கரியா திகைத்து நின்றார். “சுவத்துல எழுதியிருக்கே ஏட்டி? நீ படிச்சுக் கொடுத்ததுதானே?”

இதைவிட அவர் அவள் கன்னத்தில் அறைந்திருக்கலாம். எந்த வைத்தியத்தையும் நம்பாத காக்கா, தங்கையின் சொல்லை நம்பி ஓடிவந்திருக்கிறார்.

“நான் தெற்றிப்போனேன் காக்கா, தப்பா சொல்லிட்டேன். அது இந்தச் சொறிக்கு ஆகாது. சாயாக்கடையில வெந்நீர் கொண்டு வாங்க, வேகம்!”

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு குப்பியை மண்ணில் வைத்துவிட்டு ஓடினார். பெமிலா ஒட்டியிருந்த இழைகளைக் கவனமாக எடுத்துவிட்டு, வந்த வெந்நீரில் பச்சைத்தண்ணீர் கலந்து, தன் கையை விட்டுச் சூடு பார்த்துப் பார்த்துக் காலில் ஊற்றினாள். சாயாக்கடைக்காரர் அடுப்பை அணைக்கவே இல்லை. வாளி வாளியாக வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அந்த மனிதரின் பல் கடிப்பது நின்றது. “இப்பம் பரவாயில்ல” என்றார். பெமிலா அவரை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றச் சொன்னாள். ஏற்றியபிறகுதான் அவள் இர்ஷாதாவின் தோளில் ஒரு நொடி கைவைத்தாள்.

பொன்னுலிங்கம் பெருமூச்சு விட்டுக்கொண்டு குப்பிக்கு மேல் வெள்ளையடித்தார். பெமிலா பக்கத்தில் நின்று புதிய வரிகளைச் சொல்லச் சொல்ல எழுதினார். கடைசியில் டாக்டர் பெமிலா என்ற பெயரை மறுபடி எழுதி முடித்து, தூரிகையைத் துடைக்கப் போனார்.

“அண்ணாச்சி, அதுக்குக் கீழ எனக்க பேரும் போன் நம்பரும் எழுதுங்க” என்றாள் இர்ஷாதா.

“உனக்க பேரு என்னத்துக்கு?” என்றார் ஜக்கரியா. “நாளைக்கு இதும் தெற்றினா ஆளுக உனக்க வீட்டு வாசல்லயாக்கும் வந்து நிக்கும்.”

“வரட்டும் காக்கா. வந்து கேக்கட்டும்.”

பொன்னுலிங்கம் தூரிகையை மறுபடி பெயிண்டில் தோய்த்தார். “பேருக்கு முன்னால என்ன போட? டாக்டர்னா?”

“நூலகர்னு போடுங்க.”